கிடங்கு இலக்கம் 41

நிலாவரை பார்க்கப் போகிறவர்கள் நிலாவரைக்குப் போகிறார்கள்.
நாங்கள் போனது
அதற்கும் ஒன்றரைக் கட்டை கிழக்கே,
வெங்காயத் தறைகளுக்கு நடுவில்
ஈச்சம்பற்றை மூடிய ஒரு வாய்க்கு.
பெயர் கிடையாது. படிவத்தில் இலக்கம் மட்டும்.

குணநேசன் மோட்டார்சைக்கிளைச் சரித்து வைத்து
அளவுக்கயிற்றை அவிழ்த்தான்.
என்னிடம் ஏட்டுப்பலகை, பேனை, மூடி தொலைந்த தண்ணீர்ப்போத்தல்.
பாறை விளிம்பு பல்லுப்பல்லாய்.
ஆனி வெயிலில் அது வெள்ளைகூட இல்லை,
பழைய எலும்பின் நிறம்.
உற்றுப் பார்த்தால் சிப்பி, முருகைப் பூவின் தழும்பு,
ஒரு கடல் தன் வேலையை முடித்துக்
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி.

ஒரு மீற்றர்: தொள்ளாயிரத்துப் பத்து.
மூன்று: தொள்ளாயிரத்து முப்பது.
ஆறு

அப்போதுதான் அந்த வான் வந்தது.
வழிகாட்டும் பெண்குரல் போனுக்குள்ளிருந்து
"நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று
வெங்காயத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஹற்றன் ஆட்கள். கலியாணம் முடிந்து ஒன்பது நாள்.
அவன் பெயர் சொல்லவில்லை. அவள் சொன்னாள்: சுகந்தமலர்.
உள்ளங்கை மருதாணி
திட்டுத்திட்டாய் விலகத் தொடங்கியிருந்தது.

போனில் ஒரு படம் காட்டினாள்.
எந்தத் தேசமோ. மழைக்காடு.
சுண்ணாம்புக்கல் தட்டுத்தட்டாய் இறங்க
ஒவ்வொரு தட்டிலும் நீலம் நிறைந்து
அடுத்த தட்டுக்கு வழிகிறது.
"இதே கல்லுதான் ஒங்க ஊர்லயும்னாங்க..."
எட்டிப் பார்த்தாள்.
கறுப்பாய்க் கிடந்தது எங்கள் தண்ணீர்,
ஒரு உரப்பையை மிதக்கவிட்டுக்கொண்டு.
விருந்தாளி வாயில் வைத்த பிறகு
கறியில் உப்பில்லை என்று நினைவு வந்தவன் போல
நின்றான் குணநேசன்.

"இங்க ஆறே இல்லையாங்க?"
"இல்லை."
"ஓடை?"
"இல்லை."
"அப்ப பேயிற மழையெல்லாம் எங்கதான் வச்சிருக்கீங்க?"

பதினொரு வருடம் இந்தத் திணைக்களத்தில்.
ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.
ஆழம் கேட்பார்கள். அடி இருக்கோ என்பார்கள்.
இஞ்சை தேசிக்காய் போட்டால்
கீரிமலையில மிதக்குமாமே என்பார்கள்.

இதற்குள்தான், பிள்ளை.
கார்த்திகையில் வானம் கொட்டுவதைக்
கல் சொட்டு விடாமல் குடிக்கும்.
குடிக்கக் குடிக்கத் தானும் கரையும்.
கரைந்த இடம் ஒரு கொப்பு. கொப்புக்குள் கொப்பு,
வேர் எது நுனி எது தெரியாத இருட்டு.
உங்கள் காடு மழையைத் தலையில் வாங்குகிறது.
எங்கள் காட்டை மழைதான் குடைந்து வளர்த்தது,
மரம் இல்லாமல், மரத்தின் அளவுக்கு
வெற்றிடம் மட்டும் விட்டு.

இவ்வளவும் நான் சொல்லவில்லை.
"கீழ" என்று மட்டும் சொன்னேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு
படிபோல் இருந்த கல்லில் இறங்கிக் குந்தினாள்.
கணுக்கால் வரை விட்டாள்.
"சில்லுனு இல்லையே.
யாரோ ஒக்காந்து எந்திரிச்ச நாற்காலி மாதிரி இருக்கு."

பத்து: ஆயிரத்து இருநூறு.
பதினாலு: ஒன்பதாயிரம்.
பதினைந்து: முப்பத்தோராயிரம், அதற்கும் மேல்.
"மெசின் பழுதா?" புதுமாப்பிள்ளை வாய் திறந்தான்.
"இல்லைத் தம்பி. கடல்."
நடுவில் தகடில்லை, சுவரில்லை.
நன்னீர் உப்பின்மேல் படுத்திருக்கிறது, புரளாமல்.
எங்கோ ஒரு தறையில் பம்பு இருமியது.

அவள் சடக்கென்று காலைத் தூக்கினாள்.
எதுவோ தொட்டது போல.
கொஞ்ச நேரம் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு
திரும்ப விட்டாள், இந்தமுறை மெதுவாக,
தூங்குகிறவர்கள் பக்கத்தில் நடப்பவள் மாதிரி.

வான் போன பிறகு உரப்பையைத் தடியால் எடுத்தோம்.
கயிறு நாற்பதில் முடிந்தது. அடி தட்டவில்லை.
படிவத்தில் "ஏனைய குறிப்புகள்" என்று ஒரு கட்டம் உண்டு,
எப்போதும் வெறுமையாக அனுப்புவது.
எழுதினேன்:
முற்பகல் 10.40. இருவர் வந்தனர்.
ஒருவர் கால் நனைத்தார்.
மேல்மட்ட அளவீட்டைத் திரும்பவும் எடுக்கவேண்டும்.